கட்டணக் கடிதம் வந்த பிறகு

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழகியவர்கள்கூடத் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மறுப்புக் கடிதம் வந்தால் அடுத்தது மேல்முறையீடு என்று எல்லாருக்கும் தெரியும். “தாங்கள் கோரிய தகவல்களுக்கு ரூ.2,374/- செலுத்தி நகல்களைப் பெற்றுக்கொள்ளலாம்” என்று ஊராட்சியிலிருந்தோ நகராட்சியிலிருந்தோ ஒற்றை வரியில் கடிதம் வந்தால்தான் கை ஓய்ந்துவிடுகிறது. அவ்வளவு பணம் கட்ட மனம் வராது, தகவல் மறுக்கப்பட்டது என்று சொல்லவும் வழியில்லை. பேசாமல் ஃபைலை மூடிவிடுகிறோம். அலுவலகப் பதிவேட்டில் நம் மனுவுக்கு எதிரே “கட்டணம் செலுத்தப்படாததால் முடிக்கப்பட்டது” என்று எழுதிவிட்டு அவர்களும் மூடிவிடுகிறார்கள்.

அந்தக் கடிதத்தைக் கடைக்காரர் நீட்டும் பில்லாகப் பார்ப்பதுதான் சிக்கலுக்குக் காரணம். அது பொதுத் தகவல் அலுவலர் சட்டத்தின் 7(3) பிரிவின் கீழ் எடுக்கும் முடிவு. முடிவு என்றால் கணக்குக் காட்ட வேண்டும், மேல்முறையீட்டுக்கும் உட்பட வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு கடிதத்தை மறுபடி படித்தால், பாதிக் கடிதங்கள் சட்டப்படி அரைகுறையாக இருப்பது தெரியும்.

இந்த அத்தியாயம் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளைப் பற்றியது: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. தபால் துறை, ரயில்வே, தேசியமயமான வங்கிகள் ஆகியவற்றுக்கு மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டு விதிகள். இரண்டையும் கலந்து எழுதும் மனுதாரர்களும் உண்டு, அலுவலர்களும் உண்டு.

எவ்வளவு கேட்கலாம்

சட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. கட்டணத்தை அந்தந்த மாநில அரசு விதி போட்டு நிர்ணயித்துக்கொள்ள 27-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி வந்தவைதான் தமிழ்நாடு தகவல் பெறும் உரிமை (கட்டணம்) விதிகள், 2005. இப்போது விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். ஏ4, ஏ3 அளவுத் தாளில் நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். அதைவிடப் பெரிய தாள், வரைபடம் போன்றவற்றுக்கு உண்மையில் ஆகும் செலவு. ஆவணங்களை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் சிறு கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எதுவும் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாம் மேல்முறையீட்டுக்கும் கட்டணம் கிடையாது.

ஒரு ஊராட்சி மன்றம் தீர்மானம் போட்டு இந்தத் தொகையைக் கூட்ட முடியாது. “எங்கள் பேரூராட்சியில் பக்கத்துக்குப் பத்து ரூபாய்” என்று யாராவது சொன்னால், எந்த விதியில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது.

பக்கத்து மாநிலம் இன்னும் தாராளம். ஆந்திரத்தில் 2005-இல் போட்ட விதிப்படி கிராம அளவிலான அலுவலகங்களில் விண்ணப்பக் கட்டணமே இல்லை, மண்டல் அளவில் 5 ரூபாய், அதற்கு மேல்தான் 10. கட்டணம் உயர்ந்த இடங்களும் இருந்தன. அலகாபாத் உயர் நீதிமன்றம் தன் விதியில் விண்ணப்பத்துக்கு 500 ரூபாய் என்று வைத்திருந்தது. அந்த விதியை எதிர்த்துக் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம், விண்ணப்பக் கட்டணம் பொதுவாக 50 ரூபாயையும் நகல் கட்டணம் பக்கத்துக்கு 5 ரூபாயையும் தாண்டக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் இந்த உச்சவரம்புக்குக் கீழேதான் நாம் இருக்கிறோம். ஆகவே “உச்ச நீதிமன்றமே ஐந்து ரூபாய் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது” என்ற வாதத்துக்கு மயங்க வேண்டாம். அது விதி போடுகிறவர்களுக்குச் சொன்ன வரம்பு. நம் விதியில் இருப்பது இரண்டு ரூபாய்தான்.

நகல் கட்டணத்தில் இவ்வளவு குறியாக இருப்பது அற்பமாகத் தோன்றினால், ராஜஸ்தானை நினைத்துக்கொள்ளுங்கள். 1990-களில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அங்கே கேட்டது ஊராட்சிகளின் மஸ்டர் ரோலும் பில்லும்தான். பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் கையால் எழுதிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் தர மாட்டோம் என்றது அரசுத் தரப்பு. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது அந்த நகலுக்காகத்தான். உள்ளாட்சிக் கணக்கின் ஜெராக்ஸ் பிரதி கேட்டுத் தொடங்கிய போராட்டமே பின்னால் நாடு தழுவிய சட்டமாக வளர்ந்தது.

கடிதத்தை எப்படிப் படிப்பது

7(3) பிரிவு சொல்வதைச் சுருக்கினால், கூடுதல் கட்டணம் கேட்டு வரும் கடிதத்தில் தொகை இருக்க வேண்டும். அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கு இருக்க வேண்டும். கட்டணத்தை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதும், எந்த மேல்முறையீட்டு அலுவலரிடம், எத்தனை நாளுக்குள், எப்படிப் போக வேண்டும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். கடிதம் கையில் கிடைத்ததும் பென்சில் எடுத்து இவை ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள்.

மேலே சொன்ன 2,374 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் ஊராட்சியில் இரண்டு ஆண்டுகளில் போட்ட தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் வேலைகளின் பில், அளவுப் புத்தகம், மன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகல் கேட்கிறார். பதிலில் வெறும் தொகை. கணக்குத் தரும்படி அவர் எழுதுகிறார். இரண்டாவது கடிதம் இப்படி வருகிறது:

312 பக்கங்கள், பக்கத்துக்கு 2 ரூபாய்: 624. ஆவணம் தேடி எடுத்த வகையில்: 1,000. பணியாளர் கூலி: 750. மொத்தம்: 2,374.

இப்போது விஷயம் தெளிவு. 624 ரூபாய்க்கு விதி இருக்கிறது. தேடுதல் கட்டணம் என்றோ பணியாளர் கூலி என்றோ தமிழ்நாட்டு விதிகளில் தலைப்பே இல்லை. ஆவணத்தைப் பேணி வைத்திருப்பதும் தேடி எடுப்பதும் அலுவலகத்தின் அன்றாட வேலை. அதற்கு அரசு சம்பளம் தருகிறது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை எளிதில் எடுக்கும்படி வகைப்படுத்தி அட்டவணையிட்டு வைக்கச் சொல்கிறது. வைக்காமல் விட்டதன் செலவை மனுதாரர் தலையில் கட்ட முடியாது. தபால் செலவு, “சேவைக் கட்டணம்” என்று வேறு பெயரில் வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: எந்த விதி? சரக்கு சேவை வரி சேர்த்துக் கேட்டால் அதற்குப் பதில் இன்னும் எளிது. இந்தச் சட்டத்தின் கீழ் தகவல் தருவதற்கு 2018 ஜனவரியிலேயே அந்த வரியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது.

கணக்கு இல்லாமல் கடிதம் வந்தால் உடனே மேல்முறையீட்டுக்குப் போக வேண்டாம். முதலில் ஒரு கடிதம் போடுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“பார்வை: தங்கள் ந.க. எண் …, நாள் …

ஐயா, பார்வையில் கண்ட கடிதத்தில் ரூ.2,374/- செலுத்துமாறு கோரியுள்ளீர்கள். இத்தொகை எத்தனை பக்கங்களுக்கு, எந்த வீதத்தில், எந்த விதியின்படி கணக்கிடப்பட்டது என்ற விவரம் கடிதத்தில் இல்லை. மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும் இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 7(3)-இன்படி இவ்விவரங்கள் தரப்பட வேண்டும். அவற்றை அனுப்பி உதவக் கோருகிறேன். விதிப்படியான நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக உள்ளேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் தகவல் ஆணையத்தில் “மனுதாரர் பணம் கட்ட முன்வரவில்லை” என்று அலுவலகம் சொல்லும்போது அந்த ஒரு வரிதான் உங்களுக்குக் கைகொடுக்கும்.

நாள் கணக்கு

மனு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும். உதவிப் பொதுத் தகவல் அலுவலர் வழியாகக் கொடுத்திருந்தால் 5 நாள் கூடும். அந்தக் கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. கட்டணத் தகராறுகளில் மனுதாரரின் கையில் இருக்கும் வலுவான பிரிவு இதுதான். ஆனால் கட்டணக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை கெடு ஓடாது. இதைச் சரியாகக் கூட்டிக் கழிக்காமல் மேல்முறையீட்டில் அடிபட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர்.

ஓர் எடுத்துக்காட்டு: மனு ஜூன் 2 அன்று அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கட்டணக் கடிதம் ஜூன் 20 அன்று தபாலில் போடப்பட்டது. அதாவது 18 நாள் போய்விட்டது. நீங்கள் ஜூலை 10 அன்று பணம் கட்டுகிறீர்கள். இடைப்பட்ட நாட்கள் கணக்கில் சேராது. மீதி 12 நாள் மறுபடி ஓடத் தொடங்கும். ஜூலை 22-க்குள் நகல் வர வேண்டும். புதிதாக இன்னொரு 30 நாள் அவர்களுக்குக் கிடையாது. இதைப் பல அலுவலகங்கள் ஒத்துக்கொள்வதில்லை. பணம் கட்டிய நாளை முதல் நாளாக வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த பேச்சு, கடிதத்தின் தேதி. மேலே சொன்ன மனுவுக்கு முப்பதாம் நாள் ஜூலை 2. கட்டணக் கடிதம் ஜூன் 20 அன்று போகவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடிதத்தில் ஜூன் 30 என்று தேதி போட்டிருக்கும். உறையில் தபால் முத்திரை ஜூலை 9 காட்டும். சட்டம் கணக்கில் எடுப்பது அனுப்பிய நாளைத்தான், கையெழுத்திட்ட நாளை அல்ல. ஆகையால் அந்தக் கடிதம் கெடு கடந்தது, பணம் கட்டத் தேவையில்லை, தகவலை இலவசமாகக் கேட்கலாம். இதற்கெல்லாம் ஆதாரம் உறைதான். கடிதத்தை எடுத்துக்கொண்டு உறையைக் கிழித்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். உறையையும் கடிதத்தையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். முத்திரை தெளிவாக இல்லாவிட்டால் உறையில் ஒட்டியிருக்கும் விரைவுத் தபால் எண்ணை இணையத்தில் போட்டு, அனுப்பிய நாள் தெரியும் பக்கத்தை அன்றே அச்சிட்டுக்கொள்ளுங்கள். நாள் கடந்தால் அந்த விவரம் இணையத்தில் நிற்காது.

29-ஆம் நாள் அனுப்பிய கட்டணக் கடிதம் நம்மை எரிச்சலூட்டும். இருந்தாலும் கெடுவுக்குள் வந்ததுதான். அதைத் தாமதம் என்று வாதாடி நேரத்தைச் செலவிட வேண்டாம்.

முதலில் கட்டுவதா, முதலில் எதிர்ப்பதா

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை கிடையாது. என் கருத்தைச் சொல்கிறேன். தகவல் அவசரமாக வேண்டும், கூடுதலாகக் கேட்கும் தொகையும் உங்களால் தாங்கக்கூடியது என்றால், கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். பணத்தோடு அனுப்பும் கடிதத்தில் “ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன், கூடுதல் தொகையைத் திரும்பப் பெற மேல்முறையீடு செய்யும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை” என்று எழுதுங்கள். இரண்டாம் மேல்முறையீடு ஆணையத்தில் விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகிவிடும். அதற்குள் தெருவிளக்குக் கம்பமே மாறிவிடலாம். தணிக்கையில் ஆட்சேபணை எழுப்பவோ கிராம சபையில் கேள்வி கேட்கவோ ஆவணம் இன்று தேவைப்படும்போது, ஆயிரம் ரூபாய்க்காக அதைத் தள்ளிப்போடுவது ஊராட்சிக்குத்தான் லாபம்.

தொகை பெரிது, அவசரமில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. தகராறு இல்லாத பகுதியை மட்டும் கட்டிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் 624 ரூபாய். “312 பக்கங்களுக்கு விதிப்படி ரூ.624 இத்துடன் செலுத்தியுள்ளேன், மற்ற இரு தலைப்புகளும் விதியில் இல்லாததால் மறுபரிசீலனை கோருகிறேன்” என்று எழுதினால், பந்து அவர்கள் பக்கம் போய்விடும். நகல் கட்டணத்தை முழுக்க வாங்கி வைத்துக்கொண்டு நகலைத் தராமல் இருப்பதை மேல்முறையீட்டில் நியாயப்படுத்துவது எந்த அலுவலருக்கும் கஷ்டம்.

எதையும் கட்டாமல், எதையும் எழுதாமல் மௌனமாக இருப்பதுதான் மோசமான வழி. கட்டணக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யாவிட்டால், தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு நாம் வந்துவிடுவோம்.

பணத்தை எந்த வடிவில் கட்டுவது என்பதிலும் இழுபறி வரும். ரொக்கம், டிடி, வங்கிக் காசோலை, நீதிமன்றக் கட்டண வில்லை என வழிகள் உண்டு. நேரில் ரொக்கமாகக் கட்டினால் ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள். டிடி எடுக்கும் முன் எந்தப் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதைக் கட்டணக் கடிதத்திலோ அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ளுங்கள். பெயர் மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினால் போகவரப் பதினைந்து நாள். பத்து ரூபாய் விண்ணப்பக் கட்டணத்துக்கு அதைவிட அதிகம் டிடி கமிஷன் கொடுப்பது வீண். அதற்கு மனுவின் மேல் ஒட்டும் கட்டண வில்லையே போதும்.

பக்கங்களை நாமே குறைப்பது

கட்டணத் தகராறில் பாதி, மனு எழுதும்போதே பிறந்துவிடுகிறது. “கடந்த பத்து ஆண்டுகளில் தங்கள் நகராட்சியில் நடைபெற்ற அனைத்துப் பணிகளின் அனைத்து ஆவணங்களும்” என்று கேட்டால் மூவாயிரம் பக்கம் என்று பதில் வருவதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. சிற்றூராட்சிகளில் ஜெராக்ஸ் மெஷினே இருக்காது. ஊராட்சி செயலர் பதிவேடுகளைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய்க் கைக்காசு கொடுத்து எடுத்து வருவார். அவர் நிலையில் நாம் இருந்தாலும் முகம் சுளிப்போம். அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி இழுக்கும் என்றால், கேட்ட வடிவத்தில் தராமல் வேறு வடிவத்தில் தர 7(9) பிரிவு அனுமதிக்கிறது. அந்தப் பிரிவை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

பக்கத்தைக் குறைக்க நல்ல வழி, முதலில் பார்வையிடுவது. ஆவணங்களைப் பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் 2(j) பிரிவிலேயே உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. மனுவில் இப்படி எழுதுங்கள்: “2023–24 நிதியாண்டுக்கான ரொக்கப் புத்தகம், தீர்மானப் பதிவேடு, அளவுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டுகிறேன். பார்வையிட்ட பின் நான் குறித்துக் கொடுக்கும் பக்கங்களின் சான்றிட்ட நகல் வேண்டும்.” 312 பக்கம் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் 20 பக்கத்தில் வேலை முடியும். ரொக்கப் புத்தகத்தில் ஒரு வேலைக்கான செலவு எந்த நாளில் எழுதப்பட்டிருக்கிறது, அளவுப் புத்தகத்தில் அந்த வேலை அளக்கப்பட்ட நாள் எது, மன்றத் தீர்மானம் எந்த நாளில் நிறைவேறியது என்று மூன்று தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வேலையை அளப்பதற்கு முன்பே பணம் போயிருந்தால் அந்த மூன்று பக்கங்கள் மட்டும் போதும். மற்றதெல்லாம் எடைக்குப் போட வேண்டிய காகிதம்.

முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்பதால், எதை முதலில் பார்ப்பது என்று தீர்மானித்துக்கொண்டு போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போக விரும்பினால் முன்னதாகவே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

“இதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறதே”

சிக்கலான இடம் இது. நகராட்சியில் கட்டட வரைபட நகல் கேட்கிறீர்கள். “வரைபட நகலுக்கு மன்றம் தனிக் கட்டணம் நிர்ணயித்திருக்கிறது. அதைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் உரிமையில் தர முடியாது” என்கிறார்கள். சரியா தவறா?

இரண்டு பக்கமும் தீர்ப்புகள் இருக்கின்றன. நிறுவனச் செயலர்களுக்கான இன்ஸ்டிட்யூட், விடைத்தாள் நகலுக்குத் தன் விதியில் 500 ரூபாய் வைத்திருந்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம், தேர்வர் அந்த விதியின் கீழ் கேட்டால் அந்தக் கட்டணம், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் அந்தச் சட்டத்தின் கட்டணம், தேர்ந்தெடுப்பது அவர் விருப்பம் என்று சொன்னது. ஆனால் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றமே, நீதிமன்ற வழக்குக் கட்டுகளின் நகலுக்கு நீதிமன்ற விதிப்படிதான் மனுச் செய்ய வேண்டும், தகவல் உரிமை வழியில் போக முடியாது என்றது. கம்பெனிகள் பதிவாளரிடம் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடிய ஆவணங்களுக்குத் தகவல் உரிமை பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது.

உள்ளாட்சிக்கு வந்தால் நான் எடுக்கும் கோடு இது. உங்களுக்கே உரிய சான்று அல்லது சேவை (பிறப்புச் சான்று, வரி மதிப்பீட்டு நகல் போன்றவை) வேண்டுமானால் அதற்கென்று உள்ள வழியில் போய்விடுங்கள். அது விரைவும்கூட. அலுவலகம் ஒரு முடிவை எப்படி எடுத்தது என்பதைக் காட்டும் ஆவணம் (கோப்புக் குறிப்பு, ஆய்வு அறிக்கை, அனுமதி ஆணை, ஒப்பந்தப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல்) என்றால் தகவல் உரிமைக் கட்டணத்தில்தான் வாங்க வேண்டும். தனிக் கட்டணம் என்று சொன்னால், அது எந்தச் சட்டத்தின் எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டு 2019 தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். மன்றத் தீர்மானம் மட்டும்தான் ஆதாரம் என்றால் உங்கள் கை ஓங்கும். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் போடப்பட்ட விதி என்றால், தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தே இறங்குங்கள்.

வறுமைக்கோட்டுச் சலுகை

7(5) பிரிவு வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டில் இதில் ஒரு குழப்பம் நிரந்தரமாக இருக்கிறது. நம் மாநிலத்தில் ரேஷன் எல்லாருக்கும் பொது. அரிசி அட்டை வைத்திருப்பதே வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பதற்குச் சான்று ஆகாது. அட்டை நகலை மட்டும் இணைத்து அனுப்பினால் மனு திரும்பி வரும். ஊராட்சியிலோ நகராட்சியிலோ உள்ள வறுமைக்கோட்டுப் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டு வாங்கிய சான்றை இணைக்க வேண்டும். அந்தச் சான்றைத் தர வேண்டியவர் சில வேளை நீங்கள் யார்மேல் மனுப் போடுகிறீர்களோ அவராகவே இருப்பார். ஆகவே மனுப் போடும் முன்பே சான்றை வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வசதியுள்ளவர், சான்று வைத்திருக்கும் ஏழை ஒருவர் பெயரில் ஆயிரம் பக்கம் கேட்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். விசாரணையில் நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்டால் சங்கடப்படப்போவது பெயர் கொடுத்த அந்த மனிதர்.

மேல்முறையீட்டில்

கட்டணம் அநியாயம் என்றால் தகவல் ஆணையத்துக்கு நேரே புகார் அனுப்பலாம் என்று 18(1)(d) பிரிவு சொல்கிறது. அதைப் படித்துவிட்டுப் பலர் நேராக ஆணையத்துக்குப் போகிறார்கள். 18-ஆம் பிரிவுப் புகாரில் அலுவலருக்கு அபராதம் போடலாமே தவிர, தகவலைத் தரச் சொல்லி ஆணையிட முடியாது என்று மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உங்களுக்கு வேண்டியது நகல் என்றால் 19-ஆம் பிரிவு மேல்முறையீடுதான் வழி. முதலில் அதே அமைப்பின் மேல்முறையீட்டு அலுவலர். அவர் 30 நாளில், காரணம் எழுதி வைத்தால் 45 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

மேல்முறையீட்டு மனுவில் ஊழல், அராஜகம் என்ற சொற்கள் தேவையில்லை. மனுக் கிடைத்த நாள், கட்டணக் கடிதம் அனுப்பப்பட்ட நாள், கேட்ட தொகை, விதிப்படியான தொகை, வித்தியாசம். இவ்வளவும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். பரிகாரத்தையும் துல்லியமாகக் கேளுங்கள்: 7(6)-இன்படி இலவசமாகத் தர ஆணை, அல்லது ரூ.624-ஐ ஏற்று நகல் தர ஆணை, கூடுதலாக வாங்கிய ரூ.1,750-ஐத் திருப்பித் தர ஆணை. ஆணையம் இழப்பீடு வழங்க ஆணையிட 19(8)(b) பிரிவு இடம் தருகிறது. கட்டணக் கோரிக்கையே தகவலைத் தடுக்கும் உபாயமாகப் பயன்பட்டிருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்ட முடிந்தால் மட்டும் 20-ஆம் பிரிவின் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதத்தையும் கேளுங்கள். எல்லா மனுவிலும் அபராதம் கேட்டுப் பழகினால் அந்தப் பத்தியை ஆணையத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்.

நகல் கட்டு கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். வெற்றுத் தாளும், இருமுறை எடுத்த பக்கமும், எழுத்துத் தெரியாத பக்கமும் கட்டணக் கணக்கில் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை நகல் என்ற முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 312-க்குப் பணம் கட்டி 287 வந்திருந்தால், எந்தெந்தப் பக்கங்கள் இல்லை என்று எண்ணிட்டு அந்த வாரமே கடிதம் போட்டுவிடுங்கள்.